திரும்பி வரும் தண்ணீர்ப் போத்தல்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகளில் ஈர மெத்தையைக் காயவைப்பதே பெரிய பாடு. வெளியே போட்டால் அக்கம்பக்கம் கேட்கும். மலைப்பக்கம் கறுத்தால் மழையும் வந்துவிடும். அந்த அலுப்பில் பிள்ளை மேல் கை ஓங்காதீர்கள். ஒன்றாம் ஆண்டில் சேர்ந்துவிட்ட பிள்ளை தூக்கத்தில் சிறுநீர் கழிப்பது சோம்பலும் அல்ல, பிடிவாதமும் அல்ல. மலேசியாவில் 7 முதல் 12 வயது மாணவர்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 100 பேரில் 8 பேருக்கு இது இருந்தது.

சில பிள்ளைகளுக்கு இரவில் வாசோபிரெசின் (சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன்) போதிய அளவு சுரப்பதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினாலும் விழிப்பு வராது. பெற்றோருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்; பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை நெருக்கும். குறட்டை இருந்தால் அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வளர்ந்திருக்கலாம்.

பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் எப்படித் திரும்பி வருகிறது? பல வீடுகளில் முக்கால்வாசி அப்படியே வரும். கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பிள்ளை குடிக்காமலே இருந்துவிடுகிறது. டியூஷன் முடிந்து வந்து மடமடவென்று குடிக்கிறது. படுக்குமுன் ஒரு பெரிய கோப்பை மைலோ வேறு. இதை மாற்றுங்கள். காலையிலும் மதியத்திலும் நன்றாகக் குடிக்கட்டும், இரண்டு மூன்று மணிக்கொருமுறை கழிப்பறைக்குப் போகட்டும். ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். இரவு உணவுக்குப் பின் குறைத்தால் போதும். தேநீர் வேண்டாம்.

இதிலும் நிற்காவிட்டால், ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் கைகொடுக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். ஒலித்ததும் நீங்களும் எழுந்து பிள்ளையை முழுதாக விழிக்க வையுங்கள். பள்ளி முகாம் போன்ற நாட்களுக்கு, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரை உண்டு, மருத்துவர் தந்தால் மட்டும். அதைச் சாப்பிட 1 மணி நேரம் முன்பிருந்து, சாப்பிட்ட பின் 8 மணி நேரம்வரை நீர் மிகக் குறைவாகவே குடிக்கவேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

மந்திரித்த கயிறு கட்டுவதும், நாள் முழுதும் தண்ணீரை நிறுத்துவதும் பயன் தராது. சூடு வைப்பதாக மிரட்டினால் பயம்தான் கூடும்.

ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி தொடங்கினால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ, பகலிலும் கசிவோ இருந்தாலும் அப்படியே. அடங்காத தாகமும் எடை இழப்பும் சேர்ந்திருந்தால் நீரிழிவாக இருக்கலாம், அன்றைக்கே போகவேண்டும்.