வார்த்தை வராதவரின் கையைப் பாருங்கள்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஒருவர் வேலைக்குத் திரும்புகிறார். எல்லோரையும் அடையாளம் தெரிகிறது, வேலையும் மறக்கவில்லை. சொல்ல நினைக்கும் வார்த்தை மட்டும் வாய்க்கு வருவதில்லை. இதுதான் அஃபேசியா. பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படுவதால் வருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் உண்டு.

"எழுதிக் காட்டுங்க சார்" என்று பேப்பரை நீட்டத்தான் நமக்கு முதலில் தோன்றும். பேச்சோடு எழுத்தும் தடுமாறுவது வழக்கம் என்பதால், பலருக்கு அது உதவாது. கையசைவு உதவக்கூடும். அது பயன்படுவதும் வீணாவதும் எதிரே இருப்பவர் கையில் இருக்கிறது.

பார்த்ததைச் சொல்லிச் சரிபாருங்கள்

கணக்குப் பிரிவில் ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அது... போன வாரம்... அது..." என்று நிற்கிறார். விரலால் காற்றில் நீளமாக ஒரு கட்டம் போடுகிறார். அதன் கீழ் மூலையில் பேனா பிடித்ததுபோல் கிறுக்குகிறார். பிறகு உள்ளங்கையை விரித்து 'இல்லை' என ஆட்டுகிறார்.

"செக்கா சார்?" கட்டைவிரல் உயர்கிறது. "கையெழுத்துப் போடணுமா?" கை மறுக்கிறது. "போன வாரம் அனுப்பின செக்ல கையெழுத்து இல்லையா?" கட்டைவிரல் மறுபடி உயர்கிறது. மூன்று சிறு கேள்விகளில் விஷயம் வந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். அடுத்ததைக் கேட்கும் முன் அவருக்கு அவகாசம் கொடுங்கள்.

தலையாட்டலை நம்பாதீர்கள்

நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் 'சரி' என்று பொருள், கொஞ்சம் வேகமாக ஆட்டினால் 'இல்லை'. போதாததற்கு, அஃபேசியா உள்ள சிலர் 'ஆமாம்' என நினைத்து 'இல்லை' என்றும் சொல்லிவிடுவார்கள். எனவே முதல் நாளே அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்: கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. பணம், தேதி, ஒப்புதல் சம்பந்தப்பட்டவற்றை இரண்டாம் முறையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எல்லாருக்கும் ஒரே வழி பொருந்தாது

திக்கித் திணறி ஓரிரு வார்த்தை பேசும் ப்ரோக்கா வகையினர் பலர் நாம் சொல்வதைப் பெருமளவு புரிந்துகொள்வார்கள். அவர்கள் கையைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். சரளமாகப் பேசியும் பொருள் விளங்காத வெர்னிக்கே வகையினருக்கு, நாம் சொல்வது புரிவதே கடினம். அங்கே நீங்கள்தான் கையசைவோடு, பொருளைச் சுட்டிக்காட்டிப் பேச வேண்டும்.

வலக்கை பலவீனமாகி, இடக்கையால் மட்டும் சைகை செய்பவர்களும் உண்டு. சிலருக்குக் கையில் வலு இருந்தும், நினைத்த அசைவைச் செய்துகாட்ட வராது. இது அப்ராக்சியா. பேனா இல்லாமல் எழுதுவதுபோல் நடிக்கத் தடுமாறுபவர், நிஜப் பேனாவைக் கையில் கொடுத்தால் செய்துகாட்டலாம். எனவே காலண்டர், ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், ஊழியர்களின் படங்கள் எல்லாம் அவர் மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மீட்டிங்கில்

அவருக்கு எல்லோர் கையும் தெரியும்படி, எல்லோருக்கும் அவர் கை தெரியும்படி உட்கார வையுங்கள். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசட்டும். வீடியோ அழைப்பில் முகத்தோடு கைகளும் தெரிய வேண்டும். போனை விட அதுவே மேல். அவர் சார்பாக நீங்களே பேசி முடிப்பது, குழந்தையிடம் பேசுவதுபோல் குரல் உயர்த்துவது, புரியாமலே புரிந்ததாகத் தலையசைப்பது — மூன்றும் வேண்டாம்.

நிர்வாகம் அறிய வேண்டியது

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு, மொழிக் குறைபாட்டை விளக்கும் இடத்தில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகிவிட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். தனியார் நிறுவனங்களும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஸ்வீடன் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமர் 1990இல் பக்கவாதத்தால் பேச்சைப் பெருமளவு இழந்தார். இடக்கையால் பியானோ வாசித்தார், 1996இல் புதிய கவிதைத் தொகுப்பு வெளியிட்டார், 2011இல் நோபல் பரிசு பெற்றார். பேச்சு குறைந்ததும் ஒருவரின் திறமைக் கணக்கை முடித்துவிடக் கூடாது. உங்கள் சக ஊழியர் திரும்பி வரும் முன்பே அவருடைய பேச்சுப் பயிற்சியாளரிடமும் வீட்டாரிடமும் அவர் சம்மதத்தோடு கேளுங்கள்: எந்தச் சைகைக்கு என்ன பொருள்? அந்தப் பட்டியலைப் படங்களோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டு, அவரோடு வேலை செய்யும் எல்லோருக்கும் கொடுங்கள்.