எந்தக் கார் லாபம்? எக்செல் சொல்லும்!

சின்ன கார் வாங்கப் போகிறீர்களா? பெட்ரோலா, எலெக்ட்ரிக்கா என்பதை எக்செலில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

புதிய ஷீட்டைத் திறந்து, ‘பி’ காலத்தில் கீழ்க்கண்டவாறு டைப் செய்யுங்கள். எண்கள் உதாரணத்திற்கு மட்டுமே.

பி1: பெட்ரோல் விலை – 100
பி2: லிட்டருக்குக் கி.மீ. – 20
பி3: மின்சாரம், யூனிட் விலை – 9
பி4: யூனிட்டுக்குக் கி.மீ. – 6
பி5: கார்களின் விலை வித்தியாசம் – 300000
பி6: மாத ஓட்டம், கி.மீ. – 1000

இப்போது பி7 செல்லில் இந்த ஃபார்முலாவை டைப் செய்து என்டர் தட்டுங்கள் (‘பி’ ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும்):

=பி5/(பி1/பி2-பி3/பி4)/பி6

விடை சுமார் 86. அதாவது, எலெக்ட்ரிக் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப 86 மாதங்கள், ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். பி6-ல் 2000 என மாற்றினால் 43 மாதங்களே!

ஹைபிரிட் காருக்கு பி3-ல் பெட்ரோல் விலை, பி4-ல் அதன் மைலேஜ், பி5-ல் அதன் விலை வித்தியாசம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மாதம் 1000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத மின் கணக்கில் சுமார் 333 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற கட்டணமும் ஏறும். எனவே பி3-ல் உங்கள் பில்லின் சராசரியைப் போடாமல், காரும் சேர்ந்தபின் வரும் உயர்ந்த ஸ்லாப் கட்டணத்தைப் போடுங்கள். பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு என்பதையும் விடையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.