பழைய காரில் பாஸ்கல் தத்துவம்: ரேலி கைப்பிரேக் எப்படி வேலை செய்கிறது?

மாணவர்களே, ரேலி கார் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவு நெருங்கும்போது, ஓட்டுநர் தம் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு நெம்புகோலைச் சட்டென்று இழுத்து விடுவார். காரின் பின்பகுதி வழுக்கிச் சுழலும். கார் புதிய திசைக்குத் திரும்பிவிடும். புரோட்டோன் காரை ஓட்டி, 2002-ஆம் ஆண்டு உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில் வெற்றியாளரான மலேசியர் கரம்ஜித் சிங்கின் விளையாட்டு இதுதான்.

அந்த நெம்புகோலின் பெயர் ஹைட்ராலிக் கைப்பிரேக். இதைப் பழைய கார்களிலும் பொருத்துகிறார்கள். இதில் உள்ள அறிவியலையும், அதில் மறைந்திருக்கும் ஆபத்தையும் இன்று பார்ப்போம்.

பின்சக்கரத்தை ஏன் பூட்ட வேண்டும்?

உருளும் டயர் சாலையைப் பக்கவாட்டிலும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் கார் வளைவில் வெளியே போகாமல் திரும்புகிறது. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், டயர் வெறும் ரப்பர் கட்டைபோல் சறுக்கும். அப்போது உராய்வு விசை சறுக்கும் திசைக்கு நேர் எதிராக மட்டுமே செயல்படும்; பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய போய்விடும். முன்சக்கரங்களுக்குப் பிடிப்பு இருக்கிறது, பின்சக்கரங்களுக்கு இல்லை. ஆகவே காரின் பின்பகுதி வெளிப்பக்கம் விலகி, கார் சுழல்கிறது.

கேபிளில் என்ன குறை?

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்வோம். அதன் பின்சக்கரங்களில் டிரம் பிரேக். கைப்பிரேக்கை இழுத்தால், எஃகுக் கேபிள் அந்தப் பிரேக்கை இயக்கும். நிறுத்திய காரை நகராமல் வைத்திருக்க இது போதும். ஆனால் நாள்பட்ட கேபிள் நீளும். உறைக்குள் உரசி விசையை இழக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இழுக்காது. வளைவில் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் பூட்ட வேண்டும் என்றால், இதை நம்ப முடியாது.

பாஸ்கல் உதவுகிறார்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், திரவம் முழுவதும் சமமாகப் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் தத்துவம். ஹைட்ராலிக் கைப்பிரேக்கில் கேபிளுக்குப் பதில் பிரேக் எண்ணெய் விசையைக் கடத்துகிறது. நெம்புகோலின் அடியில் ஒரு சிறிய மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். காலால் மிதிக்கும் பிரேக்கிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் குழாயின் நடுவில் இதை இணைப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கை இழுக்கும் விசை 150 நியூட்டன். அதாவது 15 கிலோ பொருளைத் தூக்கத் தேவையான விசை. நெம்புகோல் அதை 7 மடங்காக்கினால், பிஸ்டனை 1050 நியூட்டன் தள்ளும். பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ. என்றால்:

அழுத்தம் = 1050 ÷ 2 = ஒரு சதுர செ.மீ.-க்கு 525 நியூட்டன்.

இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50 மடங்குக்கும் அதிகம். பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 3 சதுர செ.மீ. பரப்புள்ள இரண்டு பிஸ்டன்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 525 × 3 = 1575 நியூட்டன் விசையுடன் பிரேக் கட்டையைத் தள்ளும். இரு பக்கமும் அதே அழுத்தம், அதே விசை.

விசை இலவசமாகக் கிடைத்ததா? இல்லை. கை 14 செ.மீ. நகர்ந்தால் மாஸ்டர் பிஸ்டன் 2 செ.மீ.தான் நகரும். அது 4 கன செ.மீ. எண்ணெயைத் தள்ளும். சக்கரங்களில் உள்ள நான்கு பிஸ்டன்களும் ஆளுக்கு 3 மி.மீ.-க்குச் சற்று மேல் மட்டுமே நகரும். உராய்வு இழப்பை விட்டுவிட்டால், கை செய்த வேலை 21 ஜூல். நான்கு பிஸ்டன்கள் செய்த மொத்த வேலையும் 21 ஜூல்தான்.

ஒரு சொட்டுக் காற்று

தள்ளப்படும் எண்ணெய் வெறும் 4 கன செ.மீ. என்பதைக் கவனியுங்கள். குழாயில் 1 கன செ.மீ. காற்று சிக்கியிருந்தால், அது இந்த அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உங்கள் இழுப்பில் கால் பங்கு அந்தக் காற்றை நசுக்குவதிலேயே வீணாகும். அதனால்தான் புதிய குழாய் பொருத்தியதும் காற்றை முழுவதும் வெளியேற்றுகிறார்கள். சாதாரணப் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறைந்து, பிரேக் சூடாகும்போது ஆவிக்குமிழ்கள் உண்டாகும்.

மறைந்திருக்கும் ஆபத்து

இப்போது முக்கியமான பகுதி. காரின் கால் பிரேக்கில் ஒன்றையொன்று சாராத இரண்டு எண்ணெய்ப் பாதைகள் உண்டு. ஒன்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றது காரை நிறுத்தும். பல முன்சக்கர இயக்கக் கார்களில் இவை குறுக்காகப் பிரிந்திருக்கும்: இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு பாதை, மற்ற இரண்டும் இன்னொரு பாதை.

இது தெரியாமல், இரண்டு பின்சக்கரக் குழாய்களையும் ஒரே கைப்பிரேக் சிலிண்டரில் சேர்த்தால் என்ன ஆகும்? தனித்தனியாக இருந்த இரண்டு பாதைகளும் ஒன்றாகிவிடும். பிறகு எங்காவது ஓரிடத்தில் கசிந்தால், நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடலாம். பந்தயக் கார்களில் குழாய்களையே முன், பின் என மாற்றி அமைத்த பிறகே இதைப் பொருத்துவதும், இரட்டைச் சிலிண்டர் வைப்பதும் இதனால்தான்.

இன்னொன்று: திரவ அழுத்தம் நேரம் ஆக ஆக, கசிவாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் குறையக்கூடும். ரேலி நெம்புகோலில் இழுத்த நிலையில் பிடித்து வைக்கும் பல்சக்கரமும் இருக்காது. எனவே காரை நிறுத்தி வைக்க இது உதவாது. பழைய கேபிள் பிரேக்கும் இருக்க வேண்டும். பிரேக்கில் செய்யும் மாற்றங்களைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். சறுக்கிப் பார்க்கும் இடம் பந்தயத் தடம்தான். பொதுச் சாலை அல்ல.

சிந்தித்துப் பாருங்கள்

1. மேலே உள்ள கணக்கில் மாஸ்டர் பிஸ்டனின் பரப்பை 2.5 சதுர செ.மீ. ஆக்கினால், சக்கரப் பிஸ்டன் ஒவ்வொன்றும் தரும் விசை எவ்வளவு? கை நகர வேண்டிய தூரம் கூடுமா, குறையுமா?

2. ஹைட்ராலிக் கைப்பிரேக்கை முன்சக்கரக் குழாயில் இணைத்து, வளைவில் இழுத்தால் கார் எந்தப் பக்கம் போகும்? ஏன்?