சேஸிஸைப் பித்தளையில் பற்றவைக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

பல்லடத்தில் பட்டறை வைத்து, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் சேஸிஸ் செய்யப் புறப்பட்டிருக்கிறீர்கள். பைப்புகளைப் பிரேஸிங்கில் இணைக்கப் போவதாகச் சொன்னதும் கேட்பவர்கள் முகம் மாறும். பித்தளையில் ஒட்டியது ஓட்டத்தில் விட்டுப்போகாதா என்பார்கள். என் பதில் இது: பிரேஸிங் பாதுகாப்பானதே, செய்பவர் தன் ஜாயிண்ட்டை உடைத்துப் பார்த்து நிரூபித்திருந்தால். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என் பதிலும் மாறிவிடும்.

முதலில் வரலாறு. 1950-இல் நார்ட்டன் நிறுவனம் ‘ஃபெதர்பெட்’ என்ற சேஸிஸைப் பந்தயத்தில் இறக்கியது. பெல்ஃபாஸ்ட்காரரான ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் வடிவமைத்தது. ரெனால்ட்ஸ் 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுப் பைப்புகளை வெண்கலம் என்ற பெயரில் வழங்கும் பித்தளைக் கம்பியால் பற்றவைத்துத்தான் அந்தப் பந்தய வண்டிகளைக் கட்டினார்கள். அதே ஆண்டு ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை ஜெஃப் டியூக் அதில் வென்றார். பின்னர் ரிக்மன் சகோதரர்களின் மெட்டிஸ் சேஸிஸ்களும் இதே முறையில் வந்தன. மண்ணிலும் மேட்டிலும் குதித்து விழுந்த வண்டிகள் அவை. ஆகவே பித்தளை தாங்குமா என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. நம் பக்கத்திலும் இந்த வேலை புதிதல்ல. லேத் டூலின் நுனியில் கார்பைடு டிப் பிரேஸிங்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோவை சப்மெர்சிபிள் மோட்டார்களின் ரோட்டாரில் செம்புக் கம்பிகளை வளையத்தோடு சேர்ப்பதும் அதுவே. ஆனால் இவற்றைக் காட்டி சேஸிஸுக்கும் சரி என்று வாதிடாதீர்கள். கைத்திறனும் கம்பியும் இங்கே கிடைக்கின்றன என்பதற்கு மட்டுமே இவை சாட்சி.

பித்தளை மென்மையான உலோகமாயிற்றே என்பது அடுத்த தடை. உண்மைதான், எஃகை விட மென்மையானது. ஆனால் ஜாயிண்ட்டின் பலம் நிரப்பிய உலோகத்தால் மட்டும் வருவதில்லை, அது பற்றியிருக்கும் பரப்பாலும் வருகிறது. இரண்டு பைப் முனைகளை நேருக்கு நேர் வைத்து நடுவில் பித்தளை ஊற்றினால் அது தோற்கும். ஒன்றை ஒன்றுக்குள் செருகி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் உருகிய உலோகம் தானே ஊறிப் போகும்படி செய்தால், அந்த மெல்லிய படலம் இரு எஃகுச் சுவர்களுக்கு நடுவே சிறைப்பட்டு, தன் இயல்பான பலத்துக்கும் மேலே தாங்கும். செருக வழியில்லாத இடத்தில் வெளிப்புறமாக மூலையை நிரப்பும் அகலமான ஃபில்லட் வைக்க வேண்டும். அதற்குப் பைப் முனையை மற்றதன் வளைவுக்கு ஏற்ப வெட்டி, வெளிச்சம் ஊடுருவாத அளவுக்குப் பொருத்த வேண்டும். அந்த அரத்து வேலையில் சோம்பியவருக்குக் கம்பி எதுவும் கைகொடுக்காது.

அதைவிட நுட்பமானது உலோகக் களைப்பு. விசைத்தறியில் ஒரு பாகம் பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை, ஓயாத சின்ன அடிகளில்தான் உடைகிறது. சேஸிஸும் அப்படித்தான், குறிப்பாக ஹேண்டில் பார் திரும்பும் ஸ்டீயரிங் ஹெட்டில். விரிசல் எங்காவது ஒரு கீறலில் தொடங்கும். இங்கே பிரேஸிங்குக்கு ஓர் அனுகூலம் உண்டு. எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும், பித்தளைக் கம்பிக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு போதும். பைப் உருகாததால் ஓரத்தில் பள்ளம் விழாது, ஃபில்லட் வழவழப்பாகப் பைப்போடு கலக்கும். அழகு பார்த்து அதை அரத்தால் தேய்த்துப் பைப்பையும் சேர்த்துக் கீறினால் அந்த அனுகூலம் போச்சு. இன்னொரு விலையும் உண்டு. கேஸ் டார்ச்சின் சூடு அகலமாகப் பரவும். குளிர்நிலையில் இழுத்து உறுதியேற்றிய பைப்பை வாங்கினால், ஜாயிண்ட்டைச் சுற்றி அந்த உறுதி கரைந்துவிடும். எனவே பைப்பின் அட்டவணையில் உள்ள பலத்தை அப்படியே கணக்கில் எடுக்காதீர்கள். சுவர்த் தடிமனைச் சற்றுக் கூட்டுங்கள்.

ஆபத்துகள் மூன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெள்ளைப் புகை கிளம்பினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கொதிக்கிறது என்று பொருள். ஜாயிண்ட்டில் குமிழி விழும், அந்தப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும். அடுத்தது, பைப்புகளை இடத்தில் நிறுத்தும் ஜிக்கில் பைப்பை இழுத்து வளைத்துக் கிளாம்ப் போட்டுப் பற்றவைப்பது. விறைப்பில் இருக்கும் எஃகின் மணிகளுக்கிடையே உருகிய பித்தளை நுழைந்து அப்போதே விரிசலாக்கிவிடும். பைப் ஜிக்கில் தானாக உட்கார வேண்டும். மூன்றாவது, ஃப்ளக்ஸாகப் போடும் வெண்காரத்தின் கண்ணாடிப் படிவு. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் அது உள்ளே விரிசலையும் மறைக்கும், துருவையும் வளர்க்கும்.

இவ்வளவு நல்லதென்றால் கம்பெனிகள் ஏன் வெல்டிங் செய்கின்றன? நியாயமான கேள்வி. ரோபோ ஒரு ஜாயிண்ட்டை வினாடிகளில் முடிக்கிறது, பிரேஸிங்குக்குக் கையும் பொறுமையும் வேண்டும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் வண்டி எடுக்கும் ஆலைக்கு அந்தக் கணக்கு முக்கியம். ஒற்றை வண்டி கட்டுபவருக்கு அது பொருந்தாது. ஆனால் ஆலையிடம் இருப்பது உங்களிடம் இல்லை: ஒரே மாதிரியான ஜாயிண்ட்டுகளை உடைத்துச் சோதிக்கும் வசதி. அந்தக் குறையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். சேஸிஸுக்கு வாங்கிய அதே பைப்பின் துண்டுகளில், அதே கம்பியில், அதே கோணத்தில் மாதிரிகள் செய்யுங்கள். சிலவற்றை நீளவாக்கில் அறுத்துப் பித்தளை எதுவரை ஊறியது என்று பாருங்கள். மற்றவற்றை வைஸில் பிடித்து நெம்பி உடையுங்கள். பைப் மடங்கியோ கிழிந்தோ போனால் உங்கள் கை தேறிவிட்டது. பித்தளை உரிந்து வெறும் எஃகு பளிச்சென்று தெரிந்தால் அங்கே அழுக்கோ சூட்டுக் குறையோ இருந்திருக்கிறது. தொடர்ந்து எல்லா மாதிரிகளும் தேறும்வரை உண்மையான பைப்பைத் தொடாதீர்கள். முடித்த சேஸிஸில் வார்ப்பட ஆலைகளில் பயன்படுத்தும் சிவப்புச் சாய ஸ்பிரே விரிசலைக் காட்டும். உள்ளே பற்றாத இடத்தை அது காட்டாது. அதனால்தான் மாதிரிகளை உடைக்கச் சொல்கிறேன்.

உடைந்த சேஸிஸைக் கொண்டுவந்து பித்தளை வைத்துத் தரச் சொல்பவர்களும் வருவார்கள். மறுத்துவிடுங்கள். பழைய வெல்டிங்கின் விரிசல்மேல் பித்தளை வைத்தால் விரிசல் அடியில் அப்படியே இருக்கும். பித்தளை பட்ட இடத்தில் பிறகு ஆர்க் வெல்டிங் செய்தால் எஃகில் விரிசல் விழும். அந்தப் பைப்பையே வெட்டி மாற்றுவதுதான் வழி.

கடைசியாக, வண்டி எங்கே ஓடப் போகிறது? பதிவான வண்டியின் சேஸிஸை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதிதாகக் கட்டியதைப் பதிய வகை ஒப்புதல் வேண்டும். இதைத் திறமைக்குப் போட்ட பூட்டு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சாலையில் உங்கள் ஜாயிண்ட் விட்டால் எதிரே குழந்தையோடு வரும் டிவிஎஸ்-50 காரர் அந்தச் சோதனைக்குச் சம்மதித்தவர் அல்லர். உங்களுக்கு அருகிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்துக் கோவையிலேயே பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அது. அனுமதி பெற்று முதலில் அங்கே ஓட்டுங்கள். ஸ்டீயரிங் ஹெட்டையும் ஸ்விங் ஆர்ம் பொருந்தும் இடத்தையும் சிலகாலம் பெயின்ட் இல்லாமலே விட்டுவையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் துடைத்து, சாயம் அடித்துப் பாருங்கள்.

அன்புடன்.