அமிலத்தின் தரம் பார்த்தல்

அமிலமும் காரமும் தம்முட் கலக்குங்கால் ஒன்றன் இயல்பை மற்றொன்று கெடுக்க, உப்பும் நீரும் பிறக்கும். இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு, செறிவறிந்த ஒன்றால் செறிவறியாத மற்றொன்றை மதிப்பிடும் முறையே தரம் பார்த்தல் ஆகும். ஆங்கிலர் இதனை டைட்ரேஷன் என்ப. அச்சொற்கு மூலமான தீத்ர் என்னும் பிரெஞ்சுச் சொல் பொன் வெள்ளிகளின் மாற்றைக் குறிப்பது. ஆகலின் தரம் என நாம் வழங்குதல் மிகப் பொருத்தமே.

கடையில் விற்கும் காடியை எடுத்துக்கொள்வோம். அதில் 10 கன செண்டிமீட்டர் அளந்து, நீர் வார்த்து 100 ஆக்குக. அக்கலவையில் 25 கன செண்டிமீட்டரைப் பிப்பெட்டால் குடுவையிலிட்டு, பினாப்தலீன் இரு துளி சேர்க்க. லிட்டருக்கு 4 கிராம் எரிசோடா கரைந்த நீரைப் பியூரெட்டில் நிரப்பி, குடுவையைச் சுழற்றிக்கொண்டே சிறிது சிறிதாக விடுக. சோடா விழுமிடத்தில் தோன்றும் செம்மை முதலில் உடனே மறையும். பின்னர் மறையத் தயங்கும். முடிவில் ஒரே துளியால் குடுவை முழுதும் இளஞ்சிவப்பாய் நிற்கும். அதுகாறும் 20.8 கன செண்டிமீட்டர் செலவாயிற்றெனின், அதிலுள்ள எரிசோடா 0.0832 கிராம். 40 கிராம் எரிசோடா 60 கிராம் அசிட்டிக் அமிலத்திற்கு ஈடாதலின், குடுவையிலிருந்த அமிலம் 0.125 கிராம். அஃது இருந்தது 2.5 கன செண்டிமீட்டர் காடியில்; எனவே 100 கன செண்டிமீட்டர் காடியில் 5 கிராம் அமிலம் உண்டு.

கணக்கு எளிது. அருமை, நிறங்காட்டியைத் தெரிந்தெடுத்தலிலேதான் உள்ளது. நம் இல்லங்களில் ஆலத்திக்கெனக் கரைக்கும் மஞ்சள்நீர் சுண்ணாம்பு சேரச் சிவப்பதும் ஒரு நிறங்காட்டியின் செயலே. ஆயினும் எந்த நிறங்காட்டியும் எல்லாவிடத்தும் உதவாது. அசிட்டிக் அமிலம் மென்மையது, எரிசோடாவோ வன்மையது. ஆதலால் இரண்டும் சரியீடான வேளையிலும் கலவை பி.எச். 7இல் நில்லாது, 8.7 அளவில் காரச் சார்புற்றே நிற்கும். பினாப்தலீன் 8.2க்கு மேற்பட்டே சிவக்கத் தொடங்குவதாகலின் இதற்கு ஏற்றது. மெதில் ஆரஞ்சோ 3.1க்கும் 4.4க்கும் இடையிலேயே செம்மை நீங்கி மஞ்சளாகிவிடும். மேற்கூறிய காடியில் ஏறக்குறைய 6 கன செண்டிமீட்டர் சோடா விழுந்ததும் அதன் வேலை முடியும். அதனை நம்புவோன் 5 கிராமை 1.5 கிராம் என்பான். நேர்மையாக விற்ற வணிகன் நீர் கலந்தான் என்னும் பழியை ஏற்பான்.

இன்னொன்று: நின்ற இளஞ்சிவப்பும் சிறிது நேரத்தில் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதே காரணம். அதற்கென மேலும் ஒரு துளி விடவேண்டா.