விட்டலாச்சாரியாவின் பேய்ப்படங்களும் தமிழ்ப் பேய்மரபும்: ‘ஜெகன்மோகினி’யின் அடுப்பை முன்வைத்து

முன்னுரை

குறைந்த செலவில் எடுக்கப்பெற்ற பேய்ப்படங்களை ‘மாயாஜாலப் படம்’ என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடும் போக்கு திரைப்படத் திறனாய்வில் காணப்படுகிறது. அத்தகைய படங்களுள் தமிழ்ப் பார்வையாளர் நினைவில் நிலைத்தவை பி. விட்டலாச்சாரியா (1920–1999) இயக்கியவை. தெலுங்கிலிருந்து மொழிமாற்றம் பெற்றுத் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஜெகன்மோகினி’யின் (1978) பேய், தமிழ் இலக்கியப் பேய்மரபோடு ஒப்புநோக்கத்தக்கது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இயக்குநரின் கலைவாழ்வு

உடுப்பியை அடுத்த உத்யாவரத்தில் பிறந்த விட்டலாச்சாரியா, அரசிகெரேயில் உணவகம் நடத்தியவர். சுற்றுத் திரையரங்கின் வழியே திரைத்தொழிலுக்குள் நுழைந்து, டி. சங்கர் சிங்குடன் இணைந்து மைசூரின் மகாத்மா பிக்சர்ஸ் நிறுவனத்தில் கன்னடப் படங்களைத் தயாரித்தார். அவற்றுள் ஒன்று 1951இல் வெளிவந்த கன்னட ‘ஜெகன்மோகினி’. பின்னர்ச் சொந்த நிறுவனம் தொடங்கிச் சென்னைக்குப் பெயர்ந்து, ‘பந்திபோட்டு’ (1963), ‘லக்ஷ்மி கடாக்ஷம்’ (1970) முதலிய தெலுங்குப் படங்களால் ‘ஜானபத பிரம்மா’ எனப் பெயர் பெற்றார். தாம் தயாரிப்பில் பங்கேற்ற கன்னடப் படத்தின் பெயரையே கால்நூற்றாண்டுக்குப் பின் தம் தெலுங்குப் படத்திற்கும் சூட்டினார்.

சிக்கனமும் திரைக்கதையும்

ஓடும் கேமராவை நிறுத்தி, ஆளை அகற்றி, மீண்டும் ஓட்டினால் உருவம் மறையும். ஒரே படச்சுருளில் இருமுறை பதிவு செய்தால் ஆவி தோன்றும். இத்தகைய எளிய உத்திகளே இவ்வகைப் படங்களின் முதலீடு. ஊதியத்தைக் கூட்டிக் கேட்ட நடிகரின் பாத்திரத்தை ஆடாகவோ கிளியாகவோ விட்டலாச்சாரியா மாற்றிவிடுவார் என்றொரு கதை திரையுலகில் வழங்குகிறது. அது உண்மையோ புனைவோ, ஓர் அடிப்படையைச் சுட்டுகிறது: நாட்டார் கதையுலகில் உருமாற்றத்திற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. எனவே பொருட்செலவின் குறை அக்கதையுலகில் குறையாகத் தோன்றுவதில்லை.

அடுப்பில் எரியும் கால்

ஜெயமாலினி ஏற்ற மோகினிப் பேய், விறகுக்கு மாற்றாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி இப்படத்தில் பெரிதும் பேசப்படுவது. சமைக்கும் பேய் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றுக் களவேள்விப் பாடல்களில் பகைவரின் தலை அடுப்பாகவும் கை துடுப்பாகவும் அமைகின்றன. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. ஆயின் வேறுபாடு கருதத்தக்கது. அங்கே அடுப்பு களத்தில் உள்ளது. கருவியாவது பகைவர் உடல். சமையல் வேந்தனின் வெற்றியைப் பாடுகிறது. இங்கே அடுப்பு வீட்டினுள் உள்ளது. எரிவது பெண்ணின் சொந்த உடல். வீட்டுப் பெண் நாள்தோறும் செய்யும் வேலையையே பேயும் செய்கிறது. அச்சம் பிறப்பது அந்தப் பழகிய வேலையிலிருந்துதான். பெரிய அரங்கமைப்பும் போர்க்களமும் வேண்டாத இவ்வச்சம், சிக்கனத்தின் கொடை எனலாம்.

நீலியும் மோகினியும்

ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். கணவனால் கொல்லப்பட்ட நீலி, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைப் பழையனூரில் மடக்குகிறாள். வேளாளர் எழுபதின்மர் முன் அவனைத் தன் கணவன் என வழக்காடி, அவர்கள் தீர்ப்பையே கருவியாக்கிக் கொல்கிறாள். வணிகனின் உயிருக்குப் பிணை நின்ற எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். வஞ்சிக்கப்பட்டு இறந்த மோகினியும் நீலியைப் போலவே தன்னை வஞ்சித்தவனை உரிமை கோரி வருகிறாள். ஆனால் அவளுக்கு அவை இல்லை, வழக்கும் இல்லை. அவனுடைய மனைவியின் பக்தி மோகினியை வெல்கிறது. ஆணின் பழைய குற்றம் இரு பெண்களுக்கிடையிலான போட்டியாக உருமாறி மறைகிறது. நீலி கதை குற்றத்தை ஊரின் முன் வைக்கிறது. திரைக்கதை அதனை வீட்டுக்குள் அடக்குகிறது.

முடிவுரை

விட்டலாச்சாரியா தமிழ் நூல்களிலிருந்து இவற்றை எடுத்தார் என்பது இக்கட்டுரையின் துணிபன்று. சமைக்கும் பேயை இலக்கியத்திலும் நாட்டார் வழக்கிலும் அறிந்திருந்த தமிழ்ச்சூழலில் அவருடைய மோகினி அந்நியமாகத் தோன்றாதது இயல்பே. காட்சியமைப்பில் மரபைப் புதுக்கிய இப்படம், நீதி வழங்குவதில் நீலி கதையினும் பின்தங்கியது. இவ்விரண்டையும் ஒருசேர மதிப்பிடும்போதுதான் ‘மாயாஜாலப் படம்’ என்னும் ஒதுக்கலைக் கடந்து, இத்தகைய படங்களைப் பேய்மரபு வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ள இயலும்.