புராஸ்டேட் நீர்ப் பரிசோதனை: அறிக்கையில் இருப்பது என்ன?

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் சகோதரர்கள் சர்க்கரையைப் பற்றியும் முட்டுவலியைப் பற்றியும் தாராளமாகப் பேசுவார்கள். சிறுநீர்ச் சிக்கல் என்றால் மட்டும் கதவைச் சாத்தச் சொல்வார்கள். அண்மையில் ஒருவர், நான்காக மடித்த ஆய்வக அறிக்கையை மேசைமேல் வைத்து, "இது புற்றுநோயா?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். அதில் இருந்தது: "பஸ் செல்ஸ் 15–20". அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் எழுதுகிறோம்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம். மருத்துவர் கையுறை அணிந்த விரலை ஆசனவாய் வழியாகச் செலுத்தி அதை அழுத்தும்போது வெளிவரும் சில துளிகளையே நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

பஸ் செல்ஸ் என்பவை வெள்ளை அணுக்கள். ஒரு பார்வைப் புலத்தில் 10-க்குள் இருந்தால் இயல்பு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கூடினால் சுரப்பியில் அழற்சி இருக்கலாம். லெசித்தின் துகள்கள் நிறைய இருப்பது நல்லது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பயப்படுபவர்களும் உண்டு.

அழற்சி வேறு, கிருமித் தொற்று வேறு. கிருமி இருக்கிறதா என்பதைக் கல்ச்சர் பரிசோதனைதான் சொல்லும். நாள்பட்ட புராஸ்டேட் அழற்சியில் பெரும்பாலானவர்களுக்குக் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. அப்படியிருக்க, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக்கை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிடுவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. அணுக்களின் எண்ணிக்கையும் வலியும் சேர்ந்தே ஏறி இறங்குவதும் இல்லை. எண்ணிக்கை கூடியும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

குளிர்க்காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சலும் இருந்தால் சுரப்பியை அழுத்தி நீர் எடுக்கக் கூடாது. கிருமி இரத்தத்தில் பரவிவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புற்றுநோயைக் கண்டறிய இந்தப் பரிசோதனை செய்வதில்லை. அதற்கு முதல் படியாகப் பார்ப்பது பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. அதுவும் சுரப்பி வீங்கினாலும் தொற்று இருந்தாலும் கூடும். ஆகவே 4-ஐத் தாண்டிய ஒரே எண்ணை வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. சுரப்பியை அழுத்துவதற்கு முன்பே இந்த இரத்தத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது பெரும்பாலும் சாதாரண வீக்கம்தான். இரவில் பலமுறை எழுவது, முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, முடிந்த பிறகும் சொட்டுவது. உளூ நிற்குமோ என்ற கவலையில் பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொண்ட பெரியவர்களை நாம் அறிவோம். இதற்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, ஆலிமிடம் கேளுங்கள். மருந்தும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். சளி மாத்திரைகள் சில, இவர்களுக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். அடைத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் இரத்தம் ஒரே ஒருமுறை வந்தாலும் காட்டிவிடுங்கள்.

போகும்போது பழைய அறிக்கைகளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் சொல்லுங்கள், நம் ஊழியர் ஒருவர் கூட வருவார்.